இதை ஏன் ஊரறியச் சொல்கிறார்கள்?

கேள்வி:

டாக்டர் அம்மா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது எழுபத்தொன்று. கும்பகோணத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, டி.வி.யில் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் பற்றி ஒரு நிகழ்ச்சி ஓடியது. ஒடிசாவில் நெசவாளர் வீட்டில் பிறந்து ஆசியப் போட்டி வரை போன பெண் என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, தனக்கு ஒரு பெண்ணோடுதான் காதல் என்று அவர் சொன்ன செய்தி வந்தது. "இதையெல்லாம் எதுக்கு மைக் முன்னாடி சொல்லிக்கிட்டு? ஓடினோமா, மெடல் வாங்கினோமான்னு இருக்கக்கூடாதா?" என்றேன். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த மருமகள், "மாமா, உங்க பிள்ளை கல்யாணத்துக்கு எண்ணூறு பத்திரிகை அடிச்சீங்க. மகாமகக் குளத்துகிட்டேர்ந்து மண்டபம் வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டினீங்க. அதுவும் ஊருக்குச் சொல்றதுதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

எனக்கு ஓரினச்சேர்க்கையாளர்கள் மேல் வெறுப்பு கிடையாது. யார் யாரோடு வாழ்கிறார்கள் என்பது அவரவர் பாடு. ஆனால் அது வீட்டோடு இருக்க வேண்டியது இல்லையா? பிரபலங்கள் ஏன் இதை அறிக்கை விட்டுச் சொல்கிறார்கள்? சொன்னதும் ஒரு கூட்டம் கரித்துக்கொட்டுகிறது. இன்னொரு கூட்டம் உலகக் கோப்பை ஜெயித்த மாதிரி கொண்டாடுகிறது. இரண்டுமே எனக்கு மிகையாகத் தெரிகிறது. இன்னொன்று: எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ என்னிடம் வந்து சொன்னால், இந்த வயதில் நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் மருமகள் கேட்டது நல்ல கேள்வி. ஆனாலும் அவர் சொன்ன பொருத்தம் பாதி தூரம்தான் வரும். கல்யாணப் பத்திரிகையை நாள் பார்த்து, மஞ்சள் தடவி, மனம் நிறைந்து கொடுக்கிறோம். நீங்கள் டி.வி.யில் பார்த்த பெண் அப்படி நாள் பார்த்து மைக் முன்னால் வந்தவர் இல்லை.

டூட்டி சந்த், ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சாகா கோபால்பூர் கிராமத்துக்காரர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார். மறுவருடம் மே மாதம் ஓர் ஆங்கில நாளிதழிடம், தன் ஊர்ப் பெண் ஒருவரைக் காதலிப்பதாகச் சொன்னார். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. இரண்டொரு நாளில் புவனேஸ்வரில் நிருபர்களைச் சந்தித்தபோதுதான் பின்கதை வெளியே வந்தது. கூடப்பிறந்த அக்காவே தன்னை மிரட்டுவதாகவும், 25 லட்சம் ரூபாய் கேட்டதாகவும், வேறு வழியில்லாமல்தான் வாய்திறந்ததாகவும் டூட்டி குற்றம்சாட்டினார். அக்கா சொன்ன கதை வேறு. தங்கையின் சொத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அவளை ஆட்டிவைக்கிறார்கள் என்றார் அவர். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இரண்டு தரப்பும் பணத்தைப் பற்றிப் பேசியதைத்தான் நான் கவனித்தேன். ஒரு ரகசியம் இருந்தது, அதற்கு ஒரு விலையும் இருந்தது.

"வீட்டோடு இருக்கட்டுமே" என்று நாம் சொல்லும்போது, அது வீட்டோடு பத்திரமாக இருக்கும் என்று நம்பிச் சொல்கிறோம். பிரபலங்களின் ரகசியம் அப்படி இருப்பதில்லை. டிரைவருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், பிரிந்துபோன பழைய துணைக்குத் தெரியும், மோப்பம் பிடித்த நிருபர் ஒருவருக்கும் தெரியும். இவர்களில் ஒருவருக்குப் பணமுடையோ ஆத்திரமோ வருகிற நாளில் அது சந்தைக்கு வந்துவிடும். சம்பந்தப்பட்டவரே சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு விற்க ஒன்றும் மிச்சமில்லை. பெரும்பாலான 'அறிவிப்பு'களுக்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான்.

டென்னிஸ் ராணி பில்லி ஜீன் கிங் 1981-இல் இப்படி அகப்பட்டவர். பழைய துணைவி ஜீவனாம்சம் மாதிரியான ஒரு கோரிக்கையோடு வழக்குப் போட்டதில் விஷயம் அம்பலமானது. மறுத்துவிடுங்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் நிருபர்களைக் கூட்டி, உண்மைதான் என்றார். ஒரே நாளில் விளம்பர ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போயின. ஓய்வை நெருங்கியிருந்தவர் வக்கீல் செலவுக்காக மேற்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. பாடகர் ஜார்ஜ் மைக்கேலை 1998-இல் அமெரிக்கப் போலீஸ் கைது செய்தது. அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அவரும் சொன்னார்.

நம் நாட்டில் குஜராத்தின் ராஜ்பிப்லா அரச குடும்பத்து மான்வேந்திர சிங் கோஹிலின் கதை எல்லாவற்றையும்விட நீளம். 1991-இல் ஜாபுவா அரச குடும்பத்தில் பெண் எடுத்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஓராண்டில் முறிந்தது. 2002-இல் மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்தார். பெற்றோருக்கு விஷயம் தெரிந்ததே அங்கேதான். அதற்குப் பிறகு அவர்கள் ஏறாத படி இல்லை. சாமியார்களைப் பார்த்தார்கள், மூளையில் ஆபரேஷன் செய்து மாற்ற முடியுமா என்று டாக்டர்களைக் கேட்டார்கள். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெளியே மூச்சுவிடக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் நான்கு வருடம் ஓடியது. நீங்கள் சொல்கிற மாதிரி வீட்டோடு இருந்தது. 2006 மார்ச்சில் ஒரு குஜராத்தி நாளிதழிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஊரில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். இவன் என் மகன் இல்லை, வாரிசும் இல்லை என்று தாய் பத்திரிகையில் அறிவிப்பே கொடுத்தார். நம் ஊரில் சொத்துத் தகராறு வந்தால் வக்கீல் மூலமாகப் 'பொது அறிவிப்பு' போடுவார்களே, அதே தினுசு.

நிதானமாக, தாமே நாள் குறித்துச் சொன்னவர்களும் உண்டு. லியோ வராட்கர் அயர்லாந்தின் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2015 ஜனவரி 18, தன் 36-ஆவது பிறந்தநாளன்று வானொலிப் பேட்டியில் போகிறபோக்கில் சொன்னார். அவருடைய அப்பா மும்பையிலிருந்து போன டாக்டர். நான்கு மாதம் கழித்து, தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கலாமா என்று அயர்லாந்து பொது வாக்கெடுப்பு நடத்தியது. கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்டை என்று பேர்வாங்கிய நாட்டில் 62 சதவீதம் பேர் 'சரி' என்றார்கள். 2017-இல் வராட்கர் பிரதமரானார். 2019 டிசம்பரில் அப்பாவின் பூர்வீகமான மகாராஷ்டிராவின் வராட் கிராமத்துக்கு வந்தபோது, நம்ம வீட்டுப் பிள்ளை என்று ஊர் வரவேற்றது. இத்தனைக்கும் அந்த ஊரில் ஒரு பையன் பிரதமர் ஆகாமல் இதே செய்தியோடு வந்து நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இருக்கட்டும்.

வராட்கரால் முடிந்தது, நம்மவர்களால் ஏன் முடியவில்லை? அங்கே சட்டம் வாயைக் கட்டவில்லை. இங்கே இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிவைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அதைத் தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் மறுபடி இறுக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் வயதுவந்த இருவர் மனமொப்பி வாழ்வது குற்றமில்லை என்றது. இந்தி இயக்குநர் கரண் ஜோகர் 2017-இல் வெளியான தன் சுயசரிதையில், தான் யார் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னால் ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று எழுதியிருந்தார். டூட்டியோ, 2018 தீர்ப்புதான் தனக்குத் தைரியம் தந்தது என்றார். இரண்டுக்கும் நடுவில் இரண்டே வருடம்.

ரகசியத்தைக் காப்பது சும்மா இருப்பது மாதிரி சுலபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். முப்பது வயது, சாஃப்ட்வேர் வேலை. நண்பரோடு ஒரே வீட்டில் ஆறேழு வருடமாக வாழ்கிறார். போனில் அந்த நண்பரின் எண்ணை 'பிளம்பர்' என்று பதிந்துவைத்திருந்தார், அம்மா எடுத்துப் பார்த்தாலும் தெரியாமலிருக்க. ஆபீசில் வார விடுமுறைக்கு எங்கே போனாய் என்றால் 'கசின்', வீட்டு உரிமையாளருக்கு 'ரூம்மேட்', சொந்தக்காரர்களிடம் 'அவங்க' என்று பொத்தாம்பொதுவாக. யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்தது. ஒருநாள் அந்த நண்பர் விபத்தில் அடிபட்டு ஐ.சி.யூ.வில் கிடந்தபோது, வாசலில் இருந்த நர்ஸ் "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறார். "பக்கத்து வீடு" என்றிருக்கிறார் இவர். அப்படியானால் கீழே போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தூக்கம் கெட்டு என்னிடம் வந்தார். இப்படிப்பட்டவர்கள்தான் டூட்டி மாதிரி ஒருவர் டி.வி.யில் பேசும்போது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறவர்கள். ஹாலில் இருக்கிற மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் அதே காதால் கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திட்டுகிறவர்கள், கொண்டாடுகிறவர்கள் என்று இரண்டு கூட்டத்தைச் சொன்னீர்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால் வெடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு, குடும்பம். டூட்டிக்கு அக்காவும் அம்மாவும் எதிர்ப்பு. மான்வேந்திராவுக்குப் பெற்ற தாய். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானுவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

ஃபஷானுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1981-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் அவரை வாங்கியபோது, பத்து லட்சம் பவுண்டுக்குப் போன முதல் கறுப்பின வீரர் அவர்தான். அவர் தன்பாலீர்ப்பாளர்களின் கேளிக்கை விடுதிகளுக்குப் போவதைக் கேள்விப்பட்ட மேலாளர் பிரையன் கிளஃப், அணியோடு பயிற்சிக்கே வரக்கூடாது என்று ஒதுக்கிவைத்தார். 1990-இல் 'தி சன்' பத்திரிகையில் ஃபஷானு வெளிப்படையாகச் சொன்னார். தம்பி ஜானும் பேர்பெற்ற ஆட்டக்காரர். சொல்லாதே என்று அண்ணனுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தார். சொன்னபிறகு ஊரறியக் கைகழுவினார். பல ஆண்டு கழித்துத்தான் வருந்திப் பேசினார். 1998-இல், 37 வயதில், ஜஸ்டின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அமெரிக்காவில் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. ஆகவே அந்த மரணத்துக்கு ஒரே ஒரு காரணத்தை நான் எழுதமாட்டேன். ஆனால் 1990-இல் அவர் சொன்னதற்குப் பிறகு, விளையாடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொல்ல பிரிட்டனின் ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில் இன்னொருவர் வர 32 வருடம் ஆனது. 2022 மே மாதம் சொன்ன பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸுக்கு அப்போது வயது 17. அந்தப் பையனை மொத்தக் கால்பந்து உலகமும் வாழ்த்தியது.

குடும்பம் ஏன் முதலில் வெடிக்கிறது? பாசம் இல்லாமல் இல்லை. அடுத்த பெண்ணின் கல்யாணம், சொந்தபந்தத்தின் பேச்சு, 'நான் வளர்த்ததுல எங்க தப்பு நடந்துச்சு' என்ற குடைச்சல், எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் இறங்குகின்றன. சாதாரண வீடுகளில் இந்தச் செய்தி வந்த முதல் ராத்திரி அழுகையும் சத்தமுமாகப் போகும். அப்பா சாப்பிடமாட்டார். அம்மா பூஜையறையை விட்டு வரமாட்டார். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது. பிறகு ஒரு தீபாவளிக்கோ ஒரு காய்ச்சலுக்கோ போன் வரும். நான் பார்த்த பல வீடுகளில் இப்படித்தான் மெல்லச் சரியாகியிருக்கிறது. பிரபலத்தின் அம்மாவுக்கு அந்த முதல் ராத்திரியே கிடைப்பதில்லை. விடிவதற்குள் வாசலில் கேமரா. அதிர்ச்சியில் வாய்தவறி வந்த வார்த்தை அச்சேறிவிடுகிறது. பின்னால் அவர் மனம் மாறினாலும், இணையத்தில் தேடினால் அந்தப் பழைய வார்த்தைதான் முதலில் வரும். டூட்டியின் வீட்டாரையும் ராஜ்பிப்லா ராணியையும் கடுமையாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

அவகாசம் கிடைத்த ஒரு தாயைப் பாருங்கள். நீதிபதி லீலா சேத், இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் பெண்; இமாசலப் பிரதேசத்தில், 1991-இல். அவருடைய மூத்த மகன்தான் எழுத்தாளர் விக்ரம் சேத். மகனின் பாலீர்ப்பைப் புரிந்துகொள்ளத் தனக்குச் சிரமமாக இருந்ததை 2003-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதினார். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377-ஐத் திரும்ப உயிர்ப்பித்ததும், அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பை எதிர்த்து நாளிதழில் கட்டுரை எழுதினார், நீதிபதியாகவும் தாயாகவும். அப்போது அவருக்கு 83 வயது. உங்கள் எழுபத்தொன்று அப்படியொன்றும் பெரிய வயது இல்லை, ஐயா. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு போக அனுமதித்தபோது, எல்லாத் தாய்மாரும் லீலா சேத் ஆகிவிட முடியாதே என்ற ஆதங்கத்தை நீதிபதிகள் தீர்ப்பிலேயே பதிவுசெய்தார்கள்.

கைதட்டல் மிகையாகத் தெரிகிறது என்கிறீர்கள். எனக்கும் சில சமயம் அப்படித்தான். ஜூன் மாதம் வந்தால் சில கம்பெனிகள் லோகோவுக்கு வானவில் சாயம் பூசுகின்றன. ஜூலை முதல் தேதி துடைத்துவிடுகின்றன. கைதட்டலுக்குச் செலவில்லை. வேலையும் ஒப்பந்தமும் பதவியும் என்ன ஆகின்றன என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன். அமெரிக்க நகைச்சுவை நடிகை எலன் டிஜெனரஸ் 1997 ஏப்ரலில் நேரிலும் தன் தொடரின் பாத்திரமாகவும் சொன்னபோது, அந்த எபிசோடை 4 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மறுவருடமே தொடரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த சில வருடம் அவரைக் கூப்பிட ஆளில்லை. ஆப்பிள் நிறுவனத் தலைவர் டிம் குக் 2014 அக்டோபரில் கட்டுரை எழுதிச் சொன்னார். அவர் நாற்காலி அசையவில்லை. ஆனால் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஸ்டீவ் ஜாப்ஸ் நினைவாக ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்த ஐபோன் வடிவச் சின்னத்தை எடுத்துவிட்டார்கள். குக் கே என்றால் இறந்துபோன ஜாப்ஸின் நினைவுச் சின்னம் என்ன செய்தது என்று கேட்காதீர்கள்.

நம் நாட்டு நாற்காலி ஒன்றைச் சொல்கிறேன். மூத்த வழக்கறிஞர் சௌரப் கிர்பால், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்ததே இல்லை. டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக அவர் பெயரை உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2021 நவம்பரில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஆட்சேபித்தது. 2023 ஜனவரியில் கொலீஜியம் மறுபடி அதே பெயரை அனுப்பி, அவர் ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பது அவருக்குப் பெருமைதான் என்று எழுதியது. நியமனம் மட்டும் நடக்கவில்லை.

பொதுமக்கள் மனசு மாறவே இல்லையா என்றால், மாறுகிறது. பியூ ஆய்வு மையம் 2019-இல் கேட்டபோது, இதைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று சொன்ன இந்தியர்கள் 37 சதவீதம். அதற்குச் சில வருடம் முன்னால் அது 15-ஆக இருந்தது. டூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஊரே பேசியது. ஜூலையில் இத்தாலியின் நேபிள்ஸில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். வாழ்த்தினவர்களில் மே மாதம் ஏசினவர்களும் இருந்திருப்பார்கள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் தொடக்க விழாவில், நீச்சல்குள டைவிங் வீரர் டாம் டேலியோடு வானவில் கொடி பிடித்து நடந்தார். பின்னால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்கு வருடத் தடையும் வாங்கினார். அதையும் சேர்த்தே சொல்கிறேன். இப்படிச் சொல்கிறவர்கள் குறையில்லாத உத்தமர்களாக இருந்தால்தான் மதிப்போம் என்ற நிபந்தனையை மற்ற விளையாட்டு வீரர்களுக்கு நாம் வைப்பதில்லையே.

கடைசிக் கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பேரனோ பேத்தியோ வந்து சொன்னால் என்ன செய்வது?

முதலில், செய்யக்கூடாதவை. வைத்தியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும் உலக சுகாதார அமைப்பு 1990-இலும் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் இது நோயில்லை என்று அறிவித்தது. மாற்றிக்காட்டுகிறேன் என்று மாத்திரை கொடுப்பதும் ஷாக் வைப்பதும் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. இன்னும் சில இடங்களில் நடக்கிறது. என் தொழிலுக்கே அவமானம் அது. அடுத்து, "ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டா சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ராஜ்பிப்லா கதையில் எல்லாரும் இளவரசரைப் பற்றியே பேசுகிறார்கள். ஒன்றும் தெரியாமல் வந்து ஓராண்டில் திரும்பிப்போன அந்தப் பெண்ணை யாரும் நினைப்பதில்லை.

செய்ய வேண்டியதற்கு உங்களுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறார், அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். 2021-இல் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம் பெண்கள், பெற்றோரிடமிருந்தும் போலீஸிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டு அவர் முன்னால் நின்றார்கள். அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இந்த விஷயம் எனக்கே முழுக்கப் பிடிபடவில்லை, கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் நேரம் வாங்கி, மாணவனாகப் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண்களின் பெற்றோருக்கும் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, போலீஸ் தொந்தரவைத் தடுக்கவும் 'மாற்றும் சிகிச்சை'யைத் தடைசெய்யவும் வழிசெய்தது. வெளியே வந்து சொல்கிற பிரபலங்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். சொல்வதைக் கேட்டுக்கொண்ட விதத்துக்காக நினைவில் நிற்கிற பெரிய மனிதர் எனக்குத் தெரிந்து இவர்தான். "எனக்கு இது புதுசு, கொஞ்சம் டைம் குடு, ஆனா நீ எங்கயும் போகவேண்டாம்" என்று நீங்களும் உங்கள் பேரனிடம் சொல்லலாம். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் தேவையில்லை.

கேட்க வேண்டியவை மட்டும் இரண்டு உண்டு. ஒன்று, வேறு யாருக்கெல்லாம் தெரியும், நான் யாரிடமாவது சொல்லலாமா? உங்கள் மகனிடம்கூட அவன் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். தாத்தா என்று நம்பி வந்தவனின் ரகசியம் விடிவதற்குள் தஞ்சாவூர் அத்தை வரைக்கும் போய்விடக்கூடாது. இரண்டு, யாராவது உன்னை மிரட்டுகிறார்களா? செல்போன் செயலிகளில் பழகி, தனி இடத்துக்கு வரவழைத்து, படம் எடுத்துப் பணம் பறிக்கிற வழக்குகள் நம் ஊர் நாளிதழ்களிலேயே வருகின்றன. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் அந்தக் கும்பல்களுக்கு முதல். தாத்தாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் பையன் போலீசுக்குப் போகவும் துணிவான். மனது ரொம்பவும் கலங்கியிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

அச்சில் விட்டுவிட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தின் ஓரத்தில், பென்சிலால் ஒரு தமிழ் நடிகரின் பெயரை எழுதி, "இவரும் அப்படித்தானாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். தமிழ் சினிமாவின் முன்வரிசையிலிருந்து ஒருவர் இதுவரை வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை; ஊகங்களை மட்டும் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாவிட்டால் ஒரு கதை, ஆகி முறிந்துவிட்டால் இன்னொரு கதை. சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அந்த நடிகரின் பாடு. அதனால் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன்.